வெடிக்களத்தில் ஊர்திகள்

மத்தியப் பிரதேசமும் உத்தரப் பிரதேசமும் எல்லை பகிர்ந்துகொள்ளும் சிங்ரௌலிப் பகுதியில் ஜயந்த், நிகாஹி, துதிசுவா, காடியா எனப் பல திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்கள் உள்ளன. காலைப் பணிமுறை முடிந்து அடுத்த பணிமுறை தொடங்கும் பிற்பகல் வேளையில் இச்சுரங்கங்களின் ஓசை மாறும். அதுவரை இடைவிடாது உறுமிய டம்பர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேடேறித் தொலைவில் வரிசையாக நிற்கும். துளையிடும் பொறிகள் அடங்கும். சங்கு ஒலிக்கும். பின்பு சில நிமிடங்கள், காலையிலிருந்து கேளாத பறவைக்குரல் கேட்கும் அளவுக்கு அமைதி நிலவும். அதன்பின் நிலம் அதிரும். பாறைச்சுவர் ஒன்று மெல்லப் பருத்து, முன்னோக்கிச் சரிந்து, புழுதித் திரைக்குள் மறையும்.

பார்ப்பவர் மனத்தில் நிற்பது அந்த அதிர்வே. ஆனால் சுரங்கத்தில் பணிபுரிவோர் அதற்கு முந்தைய அமைதியைத்தான் பெரிதாக எண்ணுவர். அந்த அமைதியை உண்டாக்குவது எளிதன்று. எந்த ஊர்தி எங்கே நிற்க வேண்டும், எது எந்த வழியே வெளியேற வேண்டும், எது உள்ளே வரவே கூடாது என்பவை காலையிலேயே முடிவு செய்யப்பட்டிருக்க வேண்டும்.

சிங்ரௌலியில் நிலக்கரிக்கு மேலே தடித்த மணற்பாறை அடுக்கு உள்ளது. இதனைத் தமிழில் மேற்சுமை எனலாம். சுரங்கத்தில் அனைவரும் சுருக்கமாக ‘ஓ.பி.’ என்றே வழங்குவர். இப்பாறையை நேரடியாக வாரி எடுக்க இயலாது. ஆகவே அதில் வரிசை வரிசையாக ஆழ்துளைகள் இட்டு, வெடிமருந்து நிரப்பி, உடைத்துத் தளர்த்துகின்றனர். தளர்ந்த பாறையை ஷவல் எனப்படும் பேரகப்பைப் பொறி அள்ளி டம்பரில் கொட்டும். டம்பர் அதனைச் சுமந்து சென்று குவிமேட்டில் சாய்க்கும். பின்னர் வெளிப்படும் நிலக்கரி அருகிலுள்ள அனல்மின் நிலையங்களுக்குச் செல்லும். தேசிய அனல்மின் கழகத்தின் முதல் மின்நிலையம் 1982இல் இப்பகுதியில்தான் மின்சாரம் தரத் தொடங்கியது. நெடுந்தொலைவில் ஒரு வீட்டில் எரியும் விளக்குக்கும் இங்கே காத்து நிற்கும் டம்பருக்கும் உள்ள தொடர்பு கண்ணுக்குத் தெரிவதில்லை.

டம்பர் என்பது நெடுஞ்சாலையில் காணும் லாரியின் பெரிய வடிவம் என்று எண்ணுவது தவறு. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட பி.இ.எம்.எல். நிறுவனம் உருவாக்கும் டம்பர்களுள் 100 டன் சுமப்பவையும் உள்ளன. அதைப்போல் இரு மடங்கு சுமப்பவையும் உள்ளன. இவற்றின் ஒரு சக்கரமே ஆள் உயரத்தை மிஞ்சும். ஓட்டுநர் ஏணிப்படி ஏறித்தான் தம் இருக்கையை அடைய வேண்டும். அவ்வளவு உயரத்தில் அமர்ந்திருப்பவருக்கு எல்லாம் நன்றாகத் தெரியும் என்றே புதிதாக வருவோர் நினைக்கின்றனர். உண்மை நேர்மாறானது. தொலைவில் இருப்பது தெரியும். அருகில் இருப்பது மறையும். ஓட்டுநர் அறை இடப்பக்கம் அமைந்திருப்பதால் வலப்புறத்தில் ஒரு பெரும்பரப்பு அவர் பார்வைக்கு எட்டாது. முன்புறத்திலும் சில மீட்டர்கள் மறைந்துபோகும். பின்புறத்தைச் சரக்குத் தொட்டி முழுவதுமாக மறைத்துவிடும். இப்பார்வையற்ற பகுதிக்குள் ஒரு ஜீப் நின்றால், அது அங்கே இருப்பதை ஓட்டுநர் அறிய வழியில்லை. சக்கரம் அதன்மேல் ஏறும்போதும் அவர் அதனை உணராமற் போகக்கூடும்.

ஆகவேதான் சுரங்கத்துக்குள் செல்லும் ஜீப் போன்ற சிறிய ஊர்திகளில் உயர்ந்த கம்பத்தில் கொடி கட்டுகின்றனர். கூரையில் மின்னும் விளக்கு பொருத்துகின்றனர். டம்பர் பின்னோக்கி வரும்போது ஒலியும் ஒளியும் ஒருங்கே எழுப்பும் எச்சரிக்கைக் கருவி கட்டாயமாகும். இவை இருந்தும், டம்பருக்குப் பின்னால் ஊர்தியை நிறுத்தலாகாது. ஓட்டுநரின் கண்ணோடு கண் பார்த்து, அவர் கையசைத்த பின்னரே அருகில் செல்ல வேண்டும். இந்தியாவின் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களில் நேரும் உயிரிழப்பு விபத்துகளுள் டம்பர், லாரி ஆகியவை தொடர்புடையவை முன்வரிசையில் உள்ளன. வெடியைக் கண்டு அஞ்சுபவர் பலர். நின்றுகொண்டிருக்கும் டம்பரைக் கண்டு அஞ்சுபவர் சிலரே.

சுரங்கச் சாலைக்கும் வரையறைகள் உண்டு. பொதுவாக 16 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏற்றம் என்பதற்கு மேல் சரிவு கூடாது. குறுகிய சாய்தளங்களில் மட்டும் 10 மீட்டருக்கு 1 மீட்டர் வரை இசைவு பெறலாம். பள்ளத்தை ஒட்டிய விளிம்பில் உறுதியான மண்வரம்பு வேண்டும். புழுதி அடங்க நீர் தெளிப்பதும் தேவையே. ஆனால் அளவுக்கு மேல் தெளித்தால் அதே சாலை வழுக்குநிலமாகிவிடும். தண்ணீர் லாரி ஓட்டுவது எளிய வேலை என்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

இத்தகைய சாலையில்தான் வெடிமருந்தும் வருகிறது. கிடங்கிலிருந்து வெடிப்பொருளை ஏற்றி வரும் ஊர்திக்கென விதிகள் தனியே உள்ளன. நான்கு புறமும் அது வெடிப்பொருள் ஊர்தி என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் செல்லலாகாது. சரக்கு உள்ளபோது எரிபொருள் நிரப்பலாகாது. காவலின்றி விட்டுச் செல்லலாகாது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் தகுதி பெற்ற ஒருவர் அதனைச் சோதிக்க வேண்டும். தீயணைப்பான் நிரம்பியுள்ளதா, மின்கம்பிகளின் உறை சிதையாமல் உள்ளதா, எஞ்சினிலும் அடிச்சட்டத்திலும் எண்ணெய்ப்பிசுக்கு படிந்துள்ளதா, எரிபொருள் கசிகிறதா, விளக்கும் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் செவ்வனே இயங்குகின்றனவா என்பனவெல்லாம் அச்சோதனையில் அடங்கும்.

இப்பட்டியலை ஊன்றிப் படித்தால் ஒன்று புலப்படும். அதில் பெரும்பகுதி வெடிமருந்தைப் பற்றியதன்று, தீயைப் பற்றியது. இன்றைய வெடிமருந்துகள் பொதுவாகக் குலுங்குவதால் மட்டும் வெடிப்பவை அல்ல. ஆனால் ஊர்தியில் தீப்பற்றி அது சரக்கை எட்டினால் என்ன நேரும் என்பதை எவரும் உறுதியாகக் கூற இயலாது. ஒரு பழைய மின்கம்பியும் எண்ணெய் ஊறிய ஒரு துணியும் சேர்ந்தால் போதும். ஊர்தியைத் துடைக்கும் பணி இங்கே அழகுக்காகச் செய்யப்படுவதில்லை.

டெட்டனேட்டர் எனப்படும் வெடிதூண்டியும் வெடிமருந்தும் ஒரே ஊர்தியில் ஒன்றாக வரலாகாது என்பது மற்றொரு விதி. தூண்டி மிகச் சிறியது; எளிதில் வெடிப்பது. மருந்து பெரியது; எளிதில் வெடிக்காதது. இவை இரண்டும் சேர்ந்தால்தான் பெருவெடி உண்டாகும். அவற்றை இறுதிவரை பிரித்து வைப்பதே பாதுகாப்பின் அடிப்படை. ஒரே நடையில் இரண்டையும் கொண்டு வந்துவிட்டால் நேரம் மிச்சமாகும் என்பது உண்மையே. அந்த நேரத்தைச் சேமிக்கக் கூடாது என்பதற்காகவே விதி உள்ளது.

இக்காலப் பெருஞ்சுரங்கங்களில் பெட்டிகளில் வரும் வெடிமருந்தின் அளவு குறைந்துள்ளது. களத்திலேயே கலக்கும் முறை பரவியுள்ளது. இதற்கென அமைந்த டேங்கர் லாரியில் வருவது அம்மோனியம் நைட்ரேட் கலந்த குழம்பு. அது அந்நிலையில் வெடிமருந்து ஆகாது. துளையருகே குழாய் வழியாகச் செலுத்தப்படும்போது அதில் மற்றொரு வேதிப்பொருள் சேர்கிறது. துளைக்குள் சென்றபின் நுண்ணிய வாயுக்குமிழ்கள் தோன்றிச் சில நிமிடங்களில் அது வெடிக்கும் தன்மை பெறுகிறது. வெடிமருந்து சாலையில் பயணம் செய்யாமல் துளைக்குள்ளேயே பிறக்கிறது எனலாம். போக்குவரத்தில் இருந்த பேரிடர் இதனால் வெகுவாகக் குறைந்தது. ஆனால் பல டன் எடையுள்ள ஒரு லாரி இப்போது துளைகளுக்கு இடையே செல்ல வேண்டியுள்ளது. ஆபத்து நீங்கவில்லை, இடம் மாறியுள்ளது.

துளைகள் நிறைந்த அப்பாறைத்தளத்தின் ஒரு புறம் செங்குத்தான விளிம்பு. விளிம்பை ஒட்டிய தரை முந்தைய வெடிகளால் விரிசல் கண்டிருக்கலாம். பார்வைக்கு அது உறுதியாகவே தோன்றும். லாரி விளிம்பை நெருங்காது, குழாய் எட்டும் தொலைவிலேயே நிற்க வேண்டும். பின்னோக்கி வரும்போது தரையில் ஒருவர் நின்று வழிகாட்ட வேண்டும். வழிகாட்டுபவர் கண்ணிலிருந்து மறைந்த அக்கணமே ஓட்டுநர் பிரேக்கை அழுத்த வேண்டும். ‘பக்கத்தில்தான் இருப்பார்’ என்று ஊகித்துக்கொண்டு பின்னே செல்வது அத்தளத்தில் செய்யக்கூடிய பெரும்பிழை. லாரி நின்றபின் கைப்பிரேக் இட்டுச் சக்கரத்துக்கு அடைகட்டை வைப்பர்.

மருந்து நிரப்பிய துளைகளின்மீது எந்தச் சக்கரமும் ஏறலாகாது. இதன் காரணத்தைப் பலர் அறியார். துளையின் அடியிலுள்ள தூண்டியிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் குழல் ஒன்று மேலே வந்து தரையில் கிடக்கும். மஞ்சள், ஆரஞ்சு போன்ற நிறங்களில் இருக்கும் அக்குழல், துணி உலர்த்தும் கொடியைப்போல் எளிய பொருளாகத் தோன்றும். அதன் உட்சுவரில் மிக நுண்ணிய வெடித்தூள் பூசப்பட்டுள்ளது. ஒரு முனையில் தூண்டினால் அதிர்ச்சி அலை நொடிக்கு ஏறத்தாழ 2000 மீட்டர் வேகத்தில் மறுமுனைக்குச் செல்லும். அக்குழலை மிதித்தாலோ தூக்கினாலோ வழக்கமாக ஒன்றும் நேர்வதில்லை. அதுவே அதனைப் பற்றிய அச்சத்தைப் போக்கிவிடுகிறது. ஆனால் சக்கரத்தில் சிக்கி, ரப்பரைப்போல் நீண்டு, பட்டென்று அறுபடும் குழல், அறுபடும் அதிர்வினாலேயே தூண்டப்பெற்றுத் தூண்டியை வெடிக்கச் செய்ய வல்லது. சக்கரம் நகர்ந்த தொலைவு சில மீட்டர்களே இருக்கும். ஓட்டுநர் எதனையும் உணர்ந்திருக்கமாட்டார். ஆகவே லாரி ஒரு பக்கமாகவே நுழைந்து, நிரப்பிய துளைகளை முன்னே விட்டுத் தான் பின்வாங்கிக்கொண்டே வரும்படி வழி வகுக்கப்படுகிறது. நிரப்பிய பகுதியைச் சுற்றிச் செங்கொடிகள் நடுவர். மின்னல் அறிகுறி தென்பட்டால் பணியை நிறுத்தி அனைவரும் அகல்வர்.

ஒரு நாளில் நிரப்பிய துளைகளை அந்நாளிலேயே வெடித்துவிட வேண்டும் என்பது விதி. வெடிப்பதும் பகல் வெளிச்சத்தில் நிகழ வேண்டும். எனவே நண்பகல் கடந்ததும் காலம் நெருக்கும். இந்நெருக்கடியில்தான் வெளியேற்றம் தொடங்குகிறது.

2017ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகளின்படி வெடிக்கும் இடத்தைச் சுற்றி 500 மீட்டர் வரை ஆபத்துப் பகுதியாகும். முன்னர் இது 300 மீட்டராக இருந்தது. பாறைத்துண்டுகள் எதிர்பாராத தொலைவுக்குப் பறப்பதுண்டு. துளையின் வாயை அடைத்த மண் குறைவாக இருந்தாலோ, முகப்புப் பாறையில் மறைந்த பிளவு இருந்தாலோ, மருந்தின் விசை அவ்வழியே பீறிடும். தேங்காய் அளவுள்ள கல் ஒன்று ஜீப்பின் கூரையைத் துளைத்துச் செல்லும். ஊர்திக்குள் இருந்தால் பாதுகாப்பு என்ற எண்ணம் இங்கே பொருந்தாது.

ஆபத்துப் பகுதிக்குச் செல்லும் ஒவ்வொரு வழியிலும் ஒரு காவலர் செங்கொடியுடன் நிறுத்தப்படுவார். அவர் நிற்கும் இடம் 500 மீட்டருக்கு வெளியே இருக்கும். வெடி வைப்பவருக்கு அவரைத் தவிர வேறு கண் இல்லை. அவர் ‘என் வழி அடைக்கப்பட்டது’ என்று வாக்கிடாக்கியில் கூறிய பின்னரே அடுத்த கட்டம். உள்ளே சென்ற ஊர்திகளின் எண்ணிக்கையும் வெளியே வந்தவற்றின் எண்ணிக்கையும் ஒத்திருக்க வேண்டும். பழுதாகி நின்ற டம்பரின் அடியில் யாரேனும் வேலை செய்துகொண்டிருக்கலாம். களைத்த ஓட்டுநர் ஒருவர் நிழலில் நிறுத்திய லாரியில் உறங்கிக்கொண்டிருக்கலாம். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால், அந்த ஒன்று கிடைக்கும்வரை எதுவும் நடவாது.

காவலரின் பணி பார்வைக்கு எளியது, செய்வதற்கு அரியது. அவர் பெரும்பாலும் உயர்பதவியில் இருப்பவர் அல்லர். அவர் முன் வந்து நிற்பதோ மேலாளரின் ஜீப்பாக இருக்கலாம். ஒப்பந்தக்காரரின் லாரியாக இருக்கலாம். ‘இரண்டே நிமிடம், இப்படியே கடந்து போய்விடுகிறேன்’ என்பார்கள். மறுக்கும் உரிமை காவலருக்கு உண்டு. அவ்வுரிமையைப் பயன்படுத்தும் துணிவு அவருக்கு இருக்குமா என்பது சுரங்கத்தின் நிருவாகத்தைப் பொறுத்தது. ஒருமுறை அவர் மேலாளரை நிறுத்தியதற்காகக் கடிந்துகொள்ளப்பட்டால், மறுநாள் அவர் கையிலுள்ள கொடி வெறும் துணியாகிவிடும்.

ஓட்டுநர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. சுரங்கத்தில் நடைகள் எண்ணப்படுகின்றன. ஒப்பந்த லாரிகளுக்குச் சுமந்த அளவைக் கொண்டே பணம் கணக்கிடப்படுகிறது. அரைமணி நேரம் நிற்பது அவருக்கு இழப்பு. சங்கொலிக்கு முன் இன்னும் ஒரு நடை முடித்துவிடலாம் என்ற எண்ணம் பேராசையால் மட்டும் பிறப்பதன்று. காத்திருக்கும் நேரத்தையும் பணிநேரமாகக் கணக்கிடாத இடத்தில், ஓட்டுநரை மட்டும் குறைகூறுவது முறையாகாது.

வெளியேறிய ஊர்திகளை நிறுத்துவதிலும் ஒழுங்கு வேண்டும். சமதளத்தில், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, வெளியே செல்லும் திசையை நோக்கி நிறுத்துவர். டம்பரின் நிழலில் அமர்ந்து உணவருந்துவது கோடையில் பெரும் ஈர்ப்புடையது. சிங்ரௌலியின் மே மாத வெயிலை அறிந்தவர் அதனைப் புரிந்துகொள்வர். எனினும் அது தடைசெய்யப்பட்டதே.

வெடி வெடிப்பது சில நொடிகளில் முடிந்துவிடும். துளைகள் யாவும் ஒருசேர வெடிப்பதில்லை. 17, 25, 42 என மில்லிநொடிக் கணக்கில் இடைவெளி விட்டு வரிசையாக வெடிக்கும். நில அதிர்வு குறைவதற்காகவே இந்த ஏற்பாடு. புழுதி அடங்கியதும் எஞ்சின்களை முடுக்கத் தோன்றும். ஆனால் முதலில் உள்ளே செல்பவர் வெடி வைத்தவரே. சில வேளைகளில் ஆரஞ்சு நிறப் புகை எழும். அது நைட்ரஜன் டை ஆக்சைடு. நுரையீரலைச் சிதைக்கும் நச்சு. நீர் புகுந்த துளைகளில் மருந்து முழுமையாக எரியாதபோது இது மிகுதியாக உண்டாகிறது. ஜீப்பின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் போதும் என்று கருதி அப்புகையினூடே செல்வது அறியாமை. காற்று அதனை அகற்றும்வரை காத்திருக்க வேண்டும்.

அடுத்து அவர் தேடுவது வெடிக்காத துளைகளை. ஒரு துளை வெடிக்காமல் தங்கிவிட்டால் அதன் மருந்தும் தூண்டியும் உடைந்த பாறைக்குள் புதைந்து கிடக்கும். அத்தகைய இடம் அடையாளமிட்டு அடைக்கப்படும். அடுத்த பணிமுறையில் வருவோருக்கு எழுத்து மூலம் அறிவிக்கப்படும். பழைய துளையின் எஞ்சிய அடிப்பகுதியில் மீண்டும் துளையிடுவது முற்றிலும் தடைசெய்யப்பட்டுள்ளது.

ஆயினும் எல்லாவற்றையும் மேற்பரப்பிலேயே கண்டுவிட இயலாது. இறுதிக் காவல் ஷவல் இயக்குபவரின் கண்களில் உள்ளது. ஆயிரக்கணக்கான கற்களை அள்ளும் அவர், அவற்றிடையே தெரியும் ஒரு மஞ்சள் குழலைக் காண வேண்டும். வெளிறிய குழம்புபோல் பாறையில் ஒட்டியிருக்கும் மருந்தை அடையாளம் காண வேண்டும். கண்டவுடன் அகப்பையை அசைக்காமல் நிறுத்தி, அருகிலுள்ள டம்பரை அகலச் சொல்லி, வெடி வைப்பவரை அழைக்க வேண்டும். குழலைத் தாமே பிடித்து இழுத்துப் பார்ப்பதும், அகப்பையின் நுனியால் கிளறுவதும் அவர் செய்யக்கூடாதவை. கனரக ஊர்தி ஓட்டும் உரிமம் ஒன்றை வைத்துக்கொண்டு எவரும் சுரங்கத்தில் வண்டியேறிவிட முடியாது. 1966ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சி விதிகளின்படி பயிற்சி பெற வேண்டும். மேலாளரின் எழுத்து மூலமான இசைவும் வேண்டும். இவ்விதிகள் நடைமுறையில் உள்ளனவா என்பதைத் தன்பாத்தில் தலைமையகம் கொண்ட சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் கண்காணிக்கிறது. எனினும் குழலைக் கண்டு அகப்பையை நிறுத்தும் அந்நொடியில் அங்கே எந்த அதிகாரியும் இருப்பதில்லை.

அனைத்தும் சரியென்று உறுதியானபின் மீண்டும் சங்கு ஒலிக்கும். அதன்பிறகும் டம்பர்கள் உடனே இறங்குவதில்லை. முதலில் ஒரு டோசர் செல்லும். சாலையில் சிதறிய கற்களை ஓரத்துக்குத் தள்ளும். கூர்மையான ஒரு கல் பல இலட்சம் ரூபாய் பெறுமானமுள்ள டயரைக் கிழித்துவிடும். சுமையேற்றிச் செல்லும்போது டயர் கிழிந்தால் டம்பர் நிலைகுலையக்கூடும். டோசருக்குப் பின்னே தண்ணீர் லாரி மெதுவாக இறங்கும். அது வளைவைக் கடந்த பின்னரே வழிக்காவலர்கள் செங்கொடிகளைச் சுருட்டுவர். வரிசையின் முதல் டம்பர் ஹாரன் ஒலித்து, சற்று நின்று, பின் நகரத் தொடங்கும்.